மேவிபோசேத் நடந்து காட்டிய கதை

என் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர்கள் குறைவு. ரயில்வே ஆபீசில் எனக்கு மேலே இருந்த துரை, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒருமுறை முயன்றார். நடுவழியில் தண்ணீர் குடித்தார். பிறகு சீமைக்குக் கப்பலேறும்வரை என்னை “யூ தேர்” என்றே கூப்பிட்டார்.

மேவிபோசேத். இதுதான் பெயர். வைத்தவர் என் அப்பா.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கோலாலம்பூர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசிப்போம். ஆதியாகமத்தில் தொடங்கிக் கடைசிவரை வரிசையாகப் போய், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பிள்ளை பிறந்த அன்று எந்த அதிகாரம் வருகிறதோ அதிலிருந்துதான் பெயர். அண்ணன் பிறந்த அன்று நல்ல அதிகாரமாக வந்து, கௌரவமான ஒரு கோத்திரப் பிதாவின் பெயர் அவனுக்குக் கிடைத்தது. அக்காள் பிறந்தபோது லேவியராகமத்தில் குஷ்டரோக விதிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா கொஞ்சம் பின்னால் புரட்டி ஒரு பெண் பெயரைப் பிடித்துவிட்டார். எனக்கு மட்டும் அவர் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. இரண்டாம் சாமுவேல், ஒன்பதாம் அதிகாரம்.

அந்த அதிகாரத்தில் தாவீது இருக்கிறார், யோனத்தான் இருக்கிறார், மீகா என்று அடக்கமான ஒரு சின்னப் பெயர்கூட இருக்கிறது. அப்பாவின் கண்ணில் பட்டதோ, மேவிபோசேத் எந்நாளும் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டு வந்தான் என்ற செய்திதான். தன் மகன் கவர்மெண்டு உத்தியோகம் பார்த்து, லண்டனில் இருக்கும் ராஜாவின் சோற்றைச் சாப்பிட வேண்டும் என்பது அவர் கனவு. அதே வசனத்தின் பின்பாதியில் அவனுக்கு இரண்டு காலும் முடம் என்று எழுதியிருப்பதை அம்மா படுத்தபடியே எடுத்துச் சொன்னாளாம்.

“கால் அவனுக்கு, சாப்பாடு இவனுக்கு” என்று அப்பா வேதத்தை மூடிவிட்டார்.

அவர் நினைத்தது நடந்தது. நான் ரயில்வே கிளார்க் ஆனேன். ராஜாவின் சோறு கிடைத்தது. பின்பாதி எனக்காகக் கிள்ளானில் காத்திருந்தது.

அம்மா அப்பா இருவரும் காலமான பின் அண்ணனும் மதினியும் எனக்குப் பெண் தேடினார்கள். கிள்ளானில் ஒரு இடம் அமைந்தது. பெண்ணின் அப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். தாயில்லாப் பெண், அவர் தங்கையான அத்தைதான் வளர்த்தவள். அண்ணனும் மதினியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளை தானே போய் நிற்பது எங்களில் மரியாதை இல்லை. என் போட்டோ போயிற்று. எடுத்தவர் ஹை ஸ்ட்ரீட் சீனர். என்னை நாற்காலியில் உட்கார்த்தி, முழங்காலுக்கு முன்னால் பெரிய பூந்தொட்டி ஒன்றை நகர்த்தி வைத்தார். என் பேண்டில் மைக்கறை இருந்தது. அதை மறைத்தாரே என்று அப்போது எனக்கு அவர்மேல் நன்றிகூட இருந்தது.

எங்கள் சபையில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று எல்லாருக்கும் முன்னால் அறிவிப்பார்கள். அந்த முதல் ஞாயிறு, கிள்ளான் சபையை நடத்தும் உபதேசியார் என் பெயரை ஒரு எழுத்தும் சிந்தாமல், கணீரென்று வாசித்திருக்கிறார். சபை முழுக்க வேதம் படித்தவர்கள். ஒரு வரிசையில் தொடங்கிய முணுமுணுப்பு கடைசி பெஞ்சுவரை போயிருக்கிறது. பெண்ணின் அத்தை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக என் போட்டோவை எடுத்துப் பார்த்தாள்.

எல்லாம் இருந்தது. கால் மட்டும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கிள்ளானிலிருந்து உபதேசியாரே ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் வெளிறி இருந்தது. சம்பந்தம் பேசியவரும் அவரே.

“தம்பி எந்திரிச்சு நில்லுங்க” என்றார்.

நின்றேன். சுற்றி வந்து பார்த்தார்.

“நான் பாத்துட்டேன். ஆனா என் பேச்சு அங்க எடுபடாது. நொண்டிக்குப் பொண்ணக் கட்டப் பாத்தீங்களேன்னு பொண்ணோட அத்தை என்னையே ஏசுறாங்க. சனிக்கிழமை மாப்பிள்ளை நேர்ல வந்து நடந்து காட்டணுமாம். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலை கிடையாது.”

அண்ணன் சிரித்தான். உபதேசியார் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்க. பொண்ணோட அப்பா யாருன்னு தெரியும்ல? தோட்டத்துல காலைப் பெரட்டுல பேர் கொடுக்க ஆள் வரிசையா நிக்கும்போது, வேலைக்குப் போக மாட்டாம நொண்டுறவன் எவன், நெசமாவே நொண்டுறவன் எவன்னு பாத்த மாத்திரத்துல சொல்லிடுவார். சந்தேகம்னா பின்னால போய் ‘பாம்பு!’ன்னு ஒரு கத்து. எந்தக் கால் முதல்ல ஓடுதுன்னு பாப்பாராம்.”

என் காலை நானே குனிந்து பார்த்தேன். கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட ஒருவர் பார்க்கப்போகிறார் என்றதும், மனிதன் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பான் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

மறுநாள் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் சபைப் போதகரிடம் ஓடினேன். எபிரெயம் படித்த மனிதர். பெயரையே மாற்றிவிட வழி உண்டா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து வழி இருக்கிறதாக்கும் என்று நானும் மலர்ந்தேன்.

“ஏன் மாத்தணும்? இது எவ்வளவு அருமையான பேர் தெரியுமா?” என்று அலமாரியிலிருந்து தடிப் புத்தகங்களை இறக்கினார். “போசேத்னா வெட்கம். வெட்கத்தைத் தகர்க்கிறவன்னு சிலர் பொருள் சொல்றாங்க. வெட்கத்தின் வாயிலேருந்து வந்தவன்னும் சிலர் சொல்றாங்க.”

“ஐயா, சனிக்கிழமை...”

“இரு. சுவாரசியமே இனிமேதான். நாளாகமத்துல இதே ஆளுக்கு மேரிபால்னு பேர். பால்ங்கிறது கானானியர் தெய்வம். அந்தப் பேரை வாயால சொல்லவே பின்னால வந்தவங்களுக்குக் கூசுச்சு. அதனால பால் இருந்த இடத்துல வெட்கம்னு எழுதிவச்சாங்கன்னு அறிஞர்கள் நினைக்கிறாங்க. ஆக, உன் பேர்ல இருக்கிற வெட்கம் உன்னோடதே இல்ல, எழுதினவனோடது!”

நான் என்னுடைய வெட்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. தகப்பன் யோனத்தானும் பாட்டன் சவுலும் போரில் மடிந்த செய்தி வந்ததும், தாதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடிய அவசரத்தில் அவன் விழுந்து முடமானான். பிறவி முடம் அல்ல, அவசரத்தால் வந்த முடம். பின்னால் தாவீது பழைய சிநேகிதத்தை நினைத்துத் தேடிப்பிடித்துத் தன் பந்தியில் உட்கார்த்தினார். ராஜாவுக்கு முன்னால் விழுந்து வணங்கிய அவன், செத்த நாய் போன்ற என்னையா பார்க்கிறீர் என்று தன்னையே இறக்கிப் பேசினான். அந்த ஒரு சங்கதியில் மட்டும் எனக்கும் அவனுக்கும் பொருத்தம் இருந்தது.

“மாத்த முடியுமா முடியாதா ஐயா?”

“முடியாது” என்றார் சந்தோஷமாக. “இந்தப் பேர்ல ஓலை வாசிச்சாச்சு. மாத்தினா வேற ஆளாயிடும். அப்புறம் முதல்லேருந்து வாசிக்கணும்.”

ஆக, நடப்பதைத் தவிர வழி இல்லை.

வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்து, குவார்ட்டர்ஸ் பின்பக்கம் புது ஜோடு மாட்டிக்கொண்டு நடக்கப் பழகினேன். இதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கூசுகிறது. பிறந்து ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்ட வித்தையை, மீசை வைத்த பிறகு மறுபடி கற்றுக்கொண்டவன் நான். மதினி முறத்தோடு படியில் உட்கார்ந்து டிரெஸ்ஸர் வேஷம் போட்டாள்.

“தம்பி, கைய வீசி நடங்க. சவ ஊர்வலத்துலயா போறீங்க?”

கையை வீசினேன்.

“ரொம்ப வீசாதீங்க, சோல்ஜர் மாதிரி இருக்கு. சிரிங்க. அய்யோ, சிரிக்க வேண்டாம்.”

அவளைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். புது ஜோட்டின் தோல் அடி, மழையில் பாசி பிடித்த கால்வாய் விளிம்பு. நான் விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு வாத்துகள்கூட எழுந்து ஓடின. வலது கணுக்கால் என் கண்முன்னே உப்பியது.

மதினி முறத்தைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள். “பேரு பலிச்சிட்டுதே தம்பி.”

வெள்ளிக்கிழமை முழுக்க எண்ணெய், ஒத்தடம், ஜெபம். வீக்கம் எதற்கும் அசையவில்லை.

“வர முடியலேன்னு ஆள் அனுப்புவோமே” என்றேன்.

“ஏலே, கால் இருக்கான்னு கேட்டவங்ககிட்ட, நடக்க முடியல, வரலேன்னா சொல்லச் சொல்றே?” என்றான் அண்ணன்.

“சுளுக்குன்னு உண்மையைச் சொல்லிடுவோம்.”

“அவர் தினம் காலைல பெரட்டுல கேக்குற பொய்யே அதுதான்லே. எவனைக் கேட்டாலும் சுளுக்கு.”

சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறினோம். என் ஜோட்டுக்குள் வலது கால் நுழையவில்லை. அண்ணனின் ஜோடு பெரிது. வலது கால் எப்படியோ புகுந்துவிட்டது. இடது கால் அதற்குள் தனியாக நீந்தியதால், கிழிந்த பனியனைச் சுருட்டி அடைத்தோம். வலது காலில் வலி, இடது காலில் வழுக்கல். அன்று ரயிலில் போனவனுக்கு வேதத்தில் எழுதியிருந்தபடி இரண்டு காலும் உதவவில்லை. பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டும்போது, இப்படியே இறங்காமல் ஸ்வெட்டன்ஹம் துறைமுகம்வரை போய்க் கப்பலேறிவிடலாமா என்று அண்ணனைக் கேட்டேன்.

“கப்பல் ஏணியில எப்படிலே ஏறுவே?” என்றான்.

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷா. வீடு ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி, மரக்கால்கள்மேல் நின்ற பலகை வீடு. வாசலில் கால்வாய்மேல் ஒரு பலகை, பிறகு சரளைக்கல் பாதை, பிறகு செங்குத்தான மரப்படி. எனக்கென்றே யாரோ கட்டிவைத்ததுபோல இருந்தது. மேலே வராந்தாவில் வெள்ளை டிரில் சட்டையோடு டிரெஸ்ஸர் நின்றார், கைகள் பின்னால். பக்கத்தில் அத்தை. ஜன்னல் திரை ஒன்று அசைந்தது.

யாரும் வாருங்கள் என்று சொல்லவில்லை. பார்த்தார்கள்.

பலகையில் வலது காலை வைத்தேன். உச்சந்தலைவரை ஒரு மின்னல் போய்த் திரும்பியது. சிரித்தேன். சரளையில் இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும், இதோ கத்தப்போகிறார், இதோ பாம்பு என்று முதுகு சில்லிட்டது. அவர் கத்தவில்லை. கத்தாதது பாம்பைவிட மோசமாக இருந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினால் தடுமாறுவேன் என்று விட்டுவிட்டேன். பின்னால் அண்ணன், “நல்ல காத்து, நல்ல காத்து” என்று சம்பந்தமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தான். படியில் கைப்பிடியைப் பிடித்தது குற்றமாகத் தெரியக்கூடாதென்று, மரவேலையை ரசிப்பதுபோல் அதைத் தடவிக்கொண்டே ஏறினேன்.

மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

டிரெஸ்ஸர் என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்துச் சொன்னார்: “வலது கால்.”

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “நான் சொன்னேன்ல அண்ணே? பேரைக் கேட்டதுமே சொன்னேன்ல?”

“ஐயா, அது வந்து, சுளுக்கு...” என்றான் அண்ணன்.

“தெரியும் தம்பி. எல்லாருக்கும் சுளுக்குதான்.” அவர் குரலில் கோபம்கூட இல்லை. ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார். “ஏமாத்திக் கட்டுற கலியாணம் வேணாம். நான் போய் உபதேசியார்கிட்டச் சொல்லிட்டு வந்துடுறேன், நாளைக்கு ஓலை வாசிக்க வேணாம்னு. நீங்க காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். வலது கால் விடவில்லை. அவர் முதல் படியில் இறங்கிவிட்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் காப்பி இல்லை. ஆவி பறக்கும் வெந்நீர் பேசின். யாரையும் பார்க்காமல் அதை என் முன்னால் பலகைத் தரையில் வைத்தாள். ஒரு கை உப்பை எடுத்து அதில் போட்டாள்.

“ஏட்டி, உள்ள போ!” என்றாள் அத்தை.

“போறேன் அத்தை.” தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, பிறந்ததுலேருந்து முடமான காலு சூம்பியிருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? இவர் காலு ஜோட்டுக்கு வெளிய பிதுங்குது. ஜன்னல்லேருந்தே தெரியுது. அதைக் கழட்டிப் பாத்துட்டுப் போங்க.”

அவர் படியில் நின்றுவிட்டார். தகப்பனாக அவர் போய்விட்டார். டிரெஸ்ஸராகத் திரும்பி வந்தார். தொப்பியை என் மடியில் வைத்துவிட்டு மண்டியிட்டு ஜோட்டைக் கழற்றினார். கால் வெளியே வந்தது. ஒரு சின்னப் பலாப்பழத்துக்கு விரல் முளைத்ததுபோல் இருந்தது. கட்டைவிரலால் ஒரு இடத்தில் அழுத்தினார். நான் கத்தியது ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும்.

“எப்ப?” என்றார்.

“வியாழக்கிழமை.”

“எப்படி?”

அண்ணன் கூரையைப் பார்த்தான். பெண் பேசினைப் பார்த்தாள். சொல்லாமல் தீராது.

“இங்க வந்து நடந்து காட்ட... நடக்கப் பழகினேன்.”

பெண் சட்டென்று திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டிரெஸ்ஸரின் மீசை ஆடியது. அத்தை விடவில்லை.

“அண்ணே, வேதத்துல ஒரு காலா சொல்லியிருக்கு? ரெண்டு காலும்! மத்ததையும் கழட்டச் சொல்லுங்க.”

இடது ஜோட்டை இழுத்தார். ஜோட்டோடு கிழிந்த பனியன் முழநீளத்துக்கு உருவிக்கொண்டு வந்தது.

“அய்யோ!” என்று அத்தை எழுந்தே விட்டாள். “பாத்தீங்களா? காலு சூம்பியிருக்கு, அதான் துணியை அடைச்சிருக்கான்!”

மறுபடியும் எல்லார் முகமும் மாறியது. டிரெஸ்ஸர் பனியனைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். ஜோடு அண்ணனுடையது என்று நான் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று அண்ணன் சொல்ல, இருவரும் சேர்ந்து சொன்னதாலேயே அது பச்சைப் பொய்போல் ஒலித்தது.

“எந்திரிங்க” என்றார் டிரெஸ்ஸர். “இடது கால்ல மட்டும் நில்லுங்க.”

வலது காலைத் தூக்கிக்கொண்டு கொக்குபோல நின்றேன். மடியில் இருந்த அவருடைய தொப்பியைக் கீழே விடுவது மரியாதை இல்லை என்று தலையில் வைத்துக்கொண்டேன். அவர் என் முழங்காலைத் தட்டினார், ஆடுசதையைப் பிடித்தார், கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் உடம்பு மெல்ல ஆடத் தொடங்கியது. ஆடினால் போச்சு என்று நினைக்க நினைக்க இன்னும் ஆடியது.

“பாம்பு!”

கத்தியது அவரில்லை. எனக்குப் பின்னாலிருந்து அத்தை.

நான் எங்கே போனேன் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் சொல்லித்தான் தெரியும். ஒற்றைக் காலில் எழும்பி, பேசினைத் தாண்டி, சுவரோரம் கிடந்த பெஞ்சின்மேல் போய் நின்றேனாம், தலையில் தொப்பியோடு. அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

டிரெஸ்ஸர் தரையில் உட்கார்ந்தே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, என் தலையிலிருந்து தொப்பியை எடுத்துப் பழையபடி ஆணியில் மாட்டினார். அந்தத் தொப்பி ஆணிக்குப் போன சத்தத்தைப்போல இனிமையான சத்தம் அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

“போதுமா?” என்று தங்கையைக் கேட்டார்.

“கால் சரி” என்றாள் அத்தை வேண்டா வெறுப்பாக. “பேரு? அதை யாரு சரி பண்றது?”

“அந்தப் பேருக்காரரும் நல்லவர்தான் அத்தை” என்றது திரை. “தன்னைப் பத்திக் கோள் சொன்னவனுக்கே நிலம் பூரா போகட்டும்னு விட்டவர். படிச்சுப் பாருங்க.”

அந்தப் பகுதியை நான் அதுவரை படித்ததில்லை. தலையை ஆட்டி, நெடுநாள் தெரிந்தவன்போல இருந்துகொண்டேன். காலை வெந்நீரில் வைத்தேன். பிறகுதான் காப்பி வந்தது.

மறுநாள் இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. என் பெயர் வந்ததும் சபை பழையபடி முணுமுணுத்ததாம். அத்தை திரும்பிப் பார்த்து, “கால் இருக்கு, நாங்க பாத்தாச்சு” என்று இரண்டு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாளாம்.

கலியாணத்தன்று வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் கிள்ளான் சபையில் ஒருவரும் பெண்ணைப் பார்க்கவில்லை. கோயில் நடுவே நாங்கள் நடந்து வந்தபோது, இரண்டு பக்கத்துக் கண்களும் தரையிலே, என் ஜோட்டிலே. நான் வாழ்க்கையில் அவ்வளவு நேராக நடந்தது கிடையாது.

பாதி வழியில் என் முழங்கையை ஒரு கை இறுகப் பிடித்தது. மதினி கோலாலம்பூரிலிருந்து வாங்கி அனுப்பியிருந்த குதி உயர்ந்த ஜோடு கலியாணப்பெண்ணின் காலைக் கடித்துக் கடித்து, அவள் விந்தி விந்தி நடந்துகொண்டிருந்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள்:

“கொஞ்சம் மெதுவா நடங்க. உங்களைத்தான் பாக்குறாங்க.”

மெதுவாக நடந்தேன். அவள் விந்தியதை யாரும் கவனிக்கவில்லை.